சாமை நல்லதுதான், மாத்திரையை ஏன் நிறுத்தினீங்க?

1/
மூணு வாரம் முன்னாடி ஒரு சனிக்கிழமை. ஜவ்வாது மலையில முகாம் முடிச்சுட்டு இறங்குற வழியில, கூட வந்த ஹவுஸ் சர்ஜன் பசங்க ரெண்டு பேரும் "சார், காவலூர் டெலஸ்கோப் பார்த்துட்டுப் போயிடலாம் சார்"னு ஒரே அடம். சனிக்கிழமைகள்ல வைனு பாப்பு வானாய்வகத்துக்குள்ள பொதுமக்களை விடுவாங்க. சரின்னு வண்டியைத் திருப்பினோம்.

அங்கே ஒரு பெரியவரைப் பார்த்தேன். அவரால வந்ததுதான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம், டீ போட்டுக்கிட்டு வாங்க. சர்க்கரை போடாம.

2/
வயசு ஐம்பத்தஞ்சுக்கு மேல இருக்கும். பேரனுக்கு நட்சத்திரம் காட்ட வந்திருக்கார். அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன். கார் டிக்கியில ரெண்டு மூட்டை சாமை. என் கழுத்துல ஸ்டெத் தொங்கறதைப் பார்த்துட்டு அவரே வந்து பேசினார்.

"டாக்டர், நான் சுகர் மாத்திரையை விட்டு ரெண்டு மாசமாச்சு. மூணு வேளையும் சாமைதான். மலைச்சாமை. உடம்பு காத்தாட்டம் இருக்கு."

எத்தனை கிலோ குறைஞ்சீங்கன்னு கேட்டேன். ஆறு கிலோவாம். ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கீங்கன்னு கேட்டேன். நாலு. தாகம்? "அது வெயிலுக்கு, டாக்டர்."

முகாம் பெட்டியில கிளுகோமீட்டர் இருந்தது. சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் ஆகியிருந்தது. 347.

3/
அந்த ஆறு கிலோ உணவுக் கட்டுப்பாட்டுல குறைஞ்ச எடை இல்லை. சர்க்கரை சிறுநீர்ல வெளியே போகப் போக உடம்பு தன்னைத்தானே கரைச்சுக்கிட்ட எடை. "காத்தாட்டம்" இருந்ததுக்குக் காரணம் அதுதான்.

மதியம் என்ன சாப்பிட்டீங்கன்னு கேட்டேன். சாமை எலுமிச்சை சாதம், சாமைத் தயிர்சாதம், வெல்லம் போட்ட சாமைப் பாயாசம். "எல்லாமே சிறுதானியம் டாக்டர், அரிசியைக் கையால தொடலை"ன்னு பெருமையாச் சொன்னார்.

அவர் மேல எனக்குக் கோபம் வரலை. அவருக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவங்க மேலதான் வந்தது. அந்தப் பட்டியல்ல என் தொழில்காரங்களும் இருக்காங்க. அங்கேயும் வர்றேன்.

4/
முதல்ல கணக்கு.

100 கிராம் வெள்ளைப் பச்சரிசியில மாவுச்சத்து சுமார் 78 கிராம். 100 கிராம் சாமையில சுமார் 66. ராகியும் கிட்டத்தட்ட அதேதான். கோதுமை மாவு 64 சொச்சம்.

ஒரு வேளைக்கு 75 கிராம் அரிசி பொங்கினா தட்டுல விழறது 58 கிராம் மாவுச்சத்து. அதே 75 கிராம் சாமைன்னா 50. மிச்சம் எட்டு ஒன்பது கிராம், ரெண்டு டீஸ்பூன் சர்க்கரை அளவு. லாபம்தான், மறுக்கலை. சாமையில நார்ச்சத்து அரிசியைவிட நிறைய. அதனால சர்க்கரை கொஞ்சம் மெதுவா ஏறும். அதுவும் உண்மைதான்.

ஆனா வீட்டுல நடக்கறது வேற. "சாமைதானே, இன்னொரு கரண்டி போடு." 100 கிராம் சாமை பொங்கினா 66. அரிசியில இருந்த 58-ஐத் தாண்டிப் போயாச்சு. அந்த ரெண்டாவது கரண்டிக்கான தைரியத்தைத்தான் சிறுதானிய வியாபாரம் உங்களுக்கு விக்குது.

5/
இது நான் வீட்டுல உக்காந்து கண்டுபிடிச்ச தத்துவம் இல்லை. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை ஐசிஎம்ஆரோட சேர்ந்து, நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவங்களை வச்சு நடத்தின இண்டியாப் ஆய்வு இருக்கு. 2023-ல வந்த அதோட முடிவுப்படி இந்தியாவுல 10 கோடிப் பேருக்கு நீரிழிவு. இன்னும் 13 கோடிச் சொச்சம் பேர் அதன் வாசல்ல நிக்கறாங்க.

2025-ல அதே ஆய்வோட உணவுப் பகுதி வந்தது. நாம சாப்பிடற சக்தியில 62 சதவீதம் மாவுச்சத்துலேர்ந்து வருது. அதைவிட முக்கியமான விஷயம் ஒண்ணு அதுல இருக்கு. அரிசியை எடுத்துட்டு அரைச்ச கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ வச்சா மட்டும் நீரிழிவு ஆபத்து குறைஞ்சதாத் தெரியலை. மொத்த மாவைக் குறைச்சு அந்த இடத்துல புரதம் வந்தாத்தான் பலன்.

திரும்பவும் படிங்க. பண்டத்தை மாத்தினாப் போதாது, அளவை மாத்தணும். 2023-ஐ ஐ.நா. சர்வதேச சிறுதானிய ஆண்டா அறிவிச்சதுக்கு அப்புறம் கடைத்தெருவுல வந்த தினை பிஸ்கட், வரகு நூடுல்ஸ், ராகி குக்கி எல்லாத்தையும் இந்த ஒரு வரியை வச்சுப் பாருங்க. பாக்கெட்டைத் திருப்பிப் பின்னாடி படிங்க. முன்னாடி படம் போட்டிருக்கற தானியம் பல பாக்கெட்ல மைதாவுக்கும் பாமாயிலுக்கும் சர்க்கரைக்கும் அப்புறம்தான் வரும்.

6/
"அப்போ மலைக்காரங்க? தலைமுறை தலைமுறையா சாமைதானே சாப்பிட்டாங்க? அவங்களுக்குச் சுகர் இல்லையே?"

பெரியவரும் இதையேதான் கேட்டார். நீங்களும் கமெண்டுல கேப்பீங்க.

ஐயா, அந்தச் சாமையை அவங்க எப்படிச் சாப்பிட்டாங்கன்னு பாருங்க. சரிவுல உழுது, விதைச்சு, களையெடுத்து, அறுத்து, களத்துல அடிச்சு, தூத்தி, உரல்ல குத்தி, புடைச்சு, விறகு பொறுக்கிட்டு வந்து அடுப்பு மூட்டி அப்புறம்தான் ஒரு வேளை சோறு. அந்த ஒரு தட்டுக்குப் பின்னாடி எத்தனை மணி நேர உழைப்பு! நீங்க காரை விட்டு இறங்கி, ஜிபே பண்ணி, டிக்கியில போட்டுக்கிட்டுப் போறீங்க. அவங்க உடம்பைப் பார்த்துட்டு அவங்க தானியத்தை மட்டும் வாங்கிட்டுப் போனா எப்படி?

அதோட, உரல்ல குத்தின சாமையும் நகரத்துக் கடையில பளபளன்னு வெள்ளையா வர்ற சாமையும் ஒண்ணு இல்லை. மெஷின்ல தவிட்டைத் தீட்டி எடுத்தப்புறம், எந்த நார்ச்சத்துக்காக வாங்கினீங்களோ அதுல பெரும்பங்கு மாட்டுத்தீவனத்துக்குப் போயிடுது.

இன்னொண்ணு. மலையில சுகரே இல்லைன்னு யார் சொன்னது? அன்னைக்கு முகாம்ல நானே நாலஞ்சு பேருக்குப் புதுசாக் கண்டுபிடிச்சேன். நாம பரிசோதனை பண்ணப் போகலை, அதனால தெரியலை.

7/
மலையில ரேஷன் அரிசியைத் திட்டற ஃபேஷன் ஒண்ணு இருக்கு. "அரிசி கொடுத்துக் கெடுத்துட்டாங்க"ன்னு. 2008-ல கிலோ ஒரு ரூபாய், 2011 ஜூன்லேர்ந்து இலவசம். அந்த அரிசி வர்றதுக்கு முன்னாடி மழை பொய்ச்ச வருஷத்துல அங்கே என்ன இருந்ததுன்னு கேட்டுப் பாருங்க. முகாமுக்கு வந்த ஒரு பாட்டி சொன்னாங்க: "சாமை இருந்தா சாமை, இல்லாட்டி கெழங்கு, அதுவும் இல்லாட்டி தண்ணி." பசியைத் தீர்த்த அரிசியை நான் திட்ட மாட்டேன். வயிறு நிறைஞ்சவன் டயட் பத்திப் பேசறான், அது என்னையும் சேர்த்துத்தான்.

8/
இப்ப அடுத்த கட்சி. பேலியோ.

முதல்ல நியாயமாச் சொல்லிடறேன். தமிழ்ல குறைமாவு உணவை வீட்டு வீட்டுக்குக் கொண்டுபோனது டாக்டர்கள் இல்லை. நியாண்டர் செல்வன் எழுதின 'பேலியோ டயட்' புத்தகமும், ஃபேஸ்புக்ல 'ஆரோக்கியம் & நல்வாழ்வு' குழுவும்தான். மஞ்சள்கருவைத் தூக்கிப் போடாதேன்னு அவங்க சொல்லிக்கிட்டிருந்தப்ப எங்க ஆளுங்க நிறையப் பேர் "வெள்ளைக்கரு மட்டும்"னு சீட்டு எழுதிக்கிட்டிருந்தோம். உணவுக் கொலஸ்ட்ராலுக்கு ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம்னு இருந்த வரம்பை அமெரிக்க உணவு வழிகாட்டியே 2015-ல எடுத்துடுச்சு. எங்க பேனாவுக்கு அந்தச் சேதி வந்து சேர இன்னும் பல வருஷம் ஆச்சு.

9/
எங்க குற்றம் அதோட முடியலை. சுகர் நோயாளி வந்தா நாங்க வழக்கமாச் சொன்னது என்ன? "ராத்திரி சப்பாத்தி சாப்பிடுங்க." அவ்வளவுதான் உணவு ஆலோசனை. மூணு இட்லிக்குப் பதிலா நாலு சப்பாத்தி, உருளைக்கிழங்கு குருமாவோட. காலையில ஓட்ஸ். இடையில "சுகர் ஃப்ரீ" பிஸ்கட். மூணு மாசம் கழிச்சு ஹெச்பிஏ1சி ஏறியிருந்தா இன்னொரு மாத்திரை.

2019-லயே அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தோட நிபுணர் குழு, மொத்த மாவுச்சத்தைக் குறைக்கறதுதான் ரத்தச் சர்க்கரையைக் குறைக்கறதுக்கு அதிகம் ஆதாரம் இருக்கற உணவு வழின்னு எழுதிடுச்சு. நாங்க அதைச் சொல்லாம விட்ட இடத்துலதான் யூடியூப் வந்து உக்காந்துச்சு. நோயாளி எங்களை விட்டுட்டு அங்கே போனதுக்கு எங்க சப்பாத்திச் சீட்டுதான் பஸ் டிக்கெட்.

10/
ஆனா ஒரு நல்ல விஷயம் கட்சியா மாறினா என்ன ஆகும்னும் பார்த்தாச்சு.

"பருப்பு கூடாது, கடலை கூடாது, கற்காலத்துல இல்லை." சரி. கற்காலத்துல காலிஃபிளவர் இருந்ததா? காட்டுச் செடி ஒண்ணை மனுஷன் வளர்த்து வளர்த்து உருவாக்கினது அது. முட்டைக்கோசும் அதே செடிதான். தக்காளியும் மிளகாயும் கடல் தாண்டி வந்து ஐந்நூறு வருஷம்தான் ஆகுது. பாதாம்? காட்டுப் பாதாம் கசக்கும். அந்தக் கசப்புலேர்ந்து சயனைடு வரும். கற்கால மனுஷன் நெய்யில வறுத்து நூறு பாதாம் சாப்பிட்டிருந்தா அன்னைக்கே அவன் கதை முடிஞ்சிருக்கும்.

கற்காலம்ங்கறது ஒரு கதை. கதையா இருக்கறவரைக்கும் எனக்குப் பிரச்சினை இல்லை. அந்தக் கதையை வச்சு ஏழை வீட்டு நிலக்கடலையைத் தட்டிவிடும்போதுதான் பிரச்சினை.

11/
நூறு பாதாம்னா நூறு கிராமுக்கு மேல. ஒரு ஆளுக்கு ஒரு வேளைக்கு, இன்னைய விலையில, ஏறக்குறைய நூறு ரூபாய். 2024-25-ல தமிழ்நாட்டுல நூறு நாள் வேலைத் திட்டக் கூலி ஒரு நாளைக்கு 319 ரூபாய். மூணுல ஒரு பங்கு கூலியை ஒருத்தரோட காலைப் பாதாமுக்குக் கொடுக்கச் சொல்றோம்.

நிலக்கடலை 100 கிராம்ல புரதம் 24 கிராம் சொச்சம். பாதாமைவிட அதிகம். மாவுச்சத்து 17 கிராம் அளவுக்குத்தான், அதுவும் பாதாமைவிட ஒண்ணும் மோசம் இல்லை. ஜவ்வாது மலையை விட்டு இறங்கினா திருவண்ணாமலை மாவட்டம் முழுக்க விளையுது. "அது பயறு வகை, பேலியோ இல்லை"ன்னு ஒருத்தர் வீடியோ போட்டிருக்கார்னு ஒரு அம்மா கடலையை நிறுத்திட்டு வெறும் மோரோட இருந்தாங்க. எடை குறைஞ்சது. தலைமுடியும் சேர்ந்து கொட்டினது. பூஞ்சை பிடிச்ச கடலையை மட்டும் தூக்கிப் போடுங்க, மத்தபடி ஒரு கைப்பிடி தாராளமாச் சாப்பிடுங்க. அலர்ஜி இருக்கறவங்க மட்டும் கிட்டே போகாதீங்க.

12/
இப்ப சொல்லப்போறதை ஸ்கிப் பண்ணாதீங்க. இதுக்காகத்தான் மீதியெல்லாம்.

சில வருஷம் முன்னாடி நான் வேலை பார்த்த இடத்துல ஒருத்தர் வந்தார். நாற்பதுகளோட நடுவுல வயசு. ரெண்டு நாளா வாந்தி, வயித்துவலி, மூச்சு வாங்குது. "கேஸ் டிரபிள்"னு வெளியே ரெண்டு இடத்துல ஊசி போட்டு அனுப்பியிருக்காங்க. சர்க்கரை 190. சுகர் நோயாளிக்கு 190-ஐப் பார்த்து யார் பயப்படுவா?

ராத்திரி ட்யூட்டியில இருந்த பொண்ணு புத்திசாலி. மூச்சுவிடற வேகத்தைப் பார்த்துட்டு ரத்தவாயுப் பரிசோதனையும் கீட்டோனும் எடுத்துச்சு. ரத்தம் அமிலமா மாறியிருந்தது. நாலு நாள் ஐசியூ. பிழைச்சார்.

13/
நடந்தது இதுதான். அவர் எடுத்துக்கிட்டிருந்த மாத்திரை டாபாகிளிஃப்ளோசின். சர்க்கரையைச் சிறுநீர் வழியா வெளியேத்தற மாத்திரை. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்ல மருந்து, நானும் எழுதறேன். 2020-ல காப்புரிமை முடிஞ்சதும் விலை சடார்னு விழுந்து, இப்ப ஊர் ஊருக்குக் கிடைக்குது.

அதோட கூடவே அவர் வீடியோ பார்த்து மாவை ஏறக்குறைய பூஜ்யமாக்கிட்டார். ஒரு பக்கம் மாத்திரை சர்க்கரையை வெளியே தள்ளுது, இன்னொரு பக்கம் உள்ளே சர்க்கரை வரலை. இன்சுலின் சுரக்கறது இறங்குது. உடம்பு கொழுப்பைத் தாறுமாறா எரிச்சுக் கீட்டோனைக் கொட்டுது. மீட்டர்ல நம்பர் பெருசா ஏறாது, ஆளு மட்டும் சரிஞ்சுக்கிட்டே போவார். 2015-லயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இந்த மருந்துக் குடும்பத்துக்கே எச்சரிக்கை விட்டது.

அதனால: மாத்திரைப் பெயர் "...கிளிஃப்ளோசின்"னு முடிஞ்சா, டாக்டர்கிட்ட பேசாம மாவைக் கடுமையாக் குறைக்காதீங்க. குறைச்சுக்கிட்டிருக்கும்போது வாந்தி, வயித்துவலி, மூச்சிரைப்பு வந்தா "நான் இந்த மாத்திரை எடுக்கறேன், மாவு சாப்பிடறதில்லை, கீட்டோன் பாருங்க"ன்னு நீங்களே வாய்திறந்து கேளுங்க.

14/
மத்த மருந்துகளையும் சொல்லிடறேன்.

கிளிமெபிரைட், கிளிபென்கிளமைடு, இன்சுலின்: இதெல்லாம் எடுத்துக்கிட்டே திடீர்னு சோத்தைக் குறைச்சா சர்க்கரை தரைதட்டும். விடியக்காலம் வேர்த்துக் கொட்டி மயங்கி விழற கேஸ் எல்லாம் இதுதான். டோஸை முன்னாடியே குறைக்கணும், எவ்வளவுங்கறதை உங்க டாக்டர்தான் சொல்லணும். பிரஷர் மாத்திரையும் அப்படித்தான். முதல் ரெண்டு வாரத்துல உப்பும் தண்ணியும் உடம்பை விட்டு இறங்கும், எழுந்து நின்னா தலைசுத்தும்.

மெட்ஃபார்மின் மட்டும் எடுக்கறவங்களுக்கு இந்த தாழ்சர்க்கரைப் பயம் அவ்வளவா இல்லை. அதை நீங்களா நிறுத்த ஒரு காரணமும் இல்லை.

டைப் 1 நீரிழிவு, கர்ப்பிணி, பாலூட்டற அம்மா, சிறுநீரகம் பழுதானவங்க, வளர்ற பிள்ளைங்க: நீங்க யாரும் இந்த த்ரெட்டைப் பார்த்து எதையும் ஆரம்பிக்காதீங்க. எல்டிஎல் சிலருக்கு நல்லா ஏறும். "அது நல்ல கொழுப்பு, கவலைப்படாதே"ன்னு குழுவுல ஆறுதல் சொல்றவர் உங்க இதயத்துக்குப் பொறுப்பு எடுக்க மாட்டார். மூணாம் மாசம் டெஸ்ட் எடுங்க.

15/
சரி, அடுப்படிக்கு வருவோம். நம்ம சமையல்ல குறைமாவு முடியுமா? முடியும். ஆனா பாதாம் மாவு தோசை, ஆளிவிதைச் சப்பாத்தி, தேங்காய் மாவு இட்லின்னு போலி செஞ்சு இல்லை. பாதாம் மாவுல ஊத்தற தோசை தோசையாவும் இருக்காது, பாதாமாவும் இருக்காது. மூணாம் நாள் ஓட்டல் தோசை வாசனை மூக்குல ஏறினதும் எல்லாம் முடிஞ்சுடும்.

நம்ம பாஷையிலேயே சிக்கல் இருக்கு பாருங்க. கோழிக்குழம்பு, மீன்குழம்பு, கீரை, அவரைக்காய்ப் பொரியல், இவ்வளவு பண்டத்துக்கும் சேர்த்து நாம வச்சிருக்கற பேர் "தொட்டுக்க." சோறுதான் சாப்பாடு, மத்ததெல்லாம் தொட்டுக்க. இதைத் தலைகீழாத் திருப்பிப் போடுங்க. கறியைச் சாப்பிடுங்க, சோத்தைத் தொட்டுக்கோங்க. சமையல் புதுசாக் கத்துக்க வேண்டாம், அம்மா வச்ச அதே குழம்புதான். மாத்த வேண்டியது கரண்டியை மட்டும்.

16/
என் வீட்டுத் தட்டு இப்ப இப்படி இருக்கு. 30 கிராம் சாமை, பொங்கினா ஒரு சின்னக் கிண்ணம், மாவுச்சத்து 20 கிராம். அதுக்கு ரெண்டு மடங்கு முருங்கைக்கீரைப் பொரியல், ரெண்டு முட்டையை உடைச்சு ஊத்திக் கிளறினது. புரதம் அந்த முட்டையிலேயே 12 கிராம் வந்துடுது. பக்கத்துல நாட்டுக்கோழிக் குழம்பு, உருளைக்கிழங்கு போடாம. கெட்டியாகத் தேங்காயும் கசகசாவும் அரைச்சு ஊத்தினாப் போதும். பொட்டுக்கடலையை அள்ளிப் போட்டா மாவு பின்வாசல் வழியா வந்துடும். புளி ஒரு நெல்லிக்காய் அளவு. தயிர் ஒரு கப்.

கத்தரிக்காய், புடலை, அவரை, வெண்டை, சுரை, பூசணி, கோவைக்காய், வாழைத்தண்டு, எல்லாக் கீரையும் தாராளமாப் போடுங்க. மரவள்ளி, சேப்பங்கிழங்கு, உருளை மூணும் காய் வேஷத்துல வர்ற சோறு.

மத்தி மீன், நெத்திலிக் கருவாடு, இதெல்லாம் இருக்கும்போது சால்மன் தேடிப் போறவங்களைப் பார்த்தா எனக்குச் சிரிப்புதான் வருது. கருவாட்டுல உப்பு ஜாஸ்தி, பிரஷர்காரங்க மட்டும் நல்லா அலசிட்டுப் போடுங்க.

17/
காலிஃபிளவர் சோறு கேட்பீங்க. நான் திட்டினாலும் நீங்க செய்யத்தான் போறீங்க, அதனால ஒழுங்காச் செய்யுங்க. துருவினதும் துணியில சுத்தி நல்லாப் பிழியணும். அகலமான வாணலி, நல்ல சூடு, கொஞ்சமா எண்ணெய். மூடி போடவே கூடாது, ஆவியில குழைஞ்சு கஞ்சியாயிடும். உப்பு கடைசியில, முதல்லயே போட்டா தண்ணி விடும். கடுகு, பச்சைமிளகாய், தேங்காய்த் துருவல் தாளிச்சா நல்லாவே இருக்கும். சோறுன்னு நினைச்சுச் சாப்பிடாதீங்க, பொரியல்னு நினைச்சுச் சாப்பிடுங்க. ஏமாற்றம் இருக்காது.

18/
சைவக்காரங்க "எங்களுக்கு என்ன வழி டாக்டர்"ங்கறீங்க. பனீர், தயிர், நிலக்கடலை, தேங்காய். அதோட பருப்பு. பருப்பு குறைமாவுப் பண்டம் இல்லை, அதையும் மறைக்க மாட்டேன். 30 கிராம் பருப்புல 7 கிராம் புரதத்தோட 17 கிராம் மாவுச்சத்தும் வரும். கொள்ளும் அதே ரகம்தான், ரசம் வச்சா மட்டும் கொழுப்பு கரையாது. ஆனா சோத்தைப் பாதியாக் குறைச்சவங்களுக்கு அந்தப் பருப்பு தாராளமா இடம்பிடிக்கும். ஒரு நாளைக்கு 20 கிராம்னு உயிரை வாங்கிக்க வேண்டியதில்லை. 100, 120 கிராம்ல நின்னாலே பலருக்கு மீட்டர் பேச ஆரம்பிச்சுடும். ஐசிஎம்ஆர் 2020-ல சொன்ன கணக்குப்படி எடையில கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேணும். 60 கிலோ ஆளுக்கு 50 கிராம். இட்லி சாம்பார்ல அது வராது.

19/
அப்புறம் மலைத்தேன். காவலூர் ரோட்ல பாட்டில் பாட்டிலா வாங்கிட்டுப் போறீங்க. வாசனையா இருக்கும், வாங்குங்க. ஆனா தேன்ல ஏறக்குறைய எண்பது சதவீதம் சர்க்கரை. வெல்லம், கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை எல்லாமே உங்க கணையத்துக்கு ஒரே சாதிதான். பெரியவரோட பாயாசத்துல சாமை செஞ்ச தப்பு பாதி, வெல்லம் செஞ்சது மீதி.

20/
அன்னைக்கு அவர் என்னை நம்பலை. "மீட்டர் தப்பா இருக்கும் டாக்டர்"னார். இருட்டிக்கிட்டு வந்தது. பேரன் வரிசையில போயி நின்னுட்டான். காவலூர்ல 1968-ல 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோட ஆரம்பிச்சு, 1986-ல 2.3 மீட்டர் தொலைநோக்கி வரைக்கும் வந்த இடம் அது. உள்ளே ஒருத்தர் 1977 கதையைச் சொல்லிக்கிட்டிருந்தார். யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப்போற நேரம், இங்கேயும் அளந்துக்கிட்டு உக்காந்திருக்காங்க. கிரகம் வர்றதுக்கு முன்னாடியே அந்த நட்சத்திர வெளிச்சம் சட்டுனு இறங்கி ஏறியிருக்கு. கருவி தப்புன்னு அவங்க விட்டுடலை. யுரேனஸுக்கு வளையம் இருக்குங்கறதுக்கு அது ஒரு சாட்சி ஆச்சு.

பெரியவர் அதைக் கேட்டுட்டு என் பக்கம் திரும்பினார். "என்னைக் குத்திக்காட்டத்தானே இங்கே நிக்கறீங்க?"ன்னார். சிரிச்சுட்டோம்.

21/
அவர்கிட்ட நான் சொன்னது இவ்வளவுதான். நாளைக்கே போயி உங்க டாக்டரைப் பாருங்க, மாத்திரையை மறுபடி ஆரம்பிங்க. மீட்டர் ஒண்ணு வாங்குங்க. ஒரு நாள் அரிசி, ஒரு நாள் சாமை, ரெண்டையும் ஒரே அளவு நிறுத்துப் பொங்கிச் சாப்பிட்டு, முதல் வாயிலேர்ந்து ரெண்டு மணி நேரம் கழிச்சுக் குத்திப் பாருங்க. மூணாம் நாள் அதுல பாதிச் சாமையும் ரெண்டு மடங்கு கறியும் வச்சுப் பாருங்க. நானும் சொல்ல வேண்டாம், யூடியூபும் சொல்ல வேண்டாம்.

உங்களுக்கும் அதேதான். கமெண்டுல சண்டைக்கு வர்றவங்க மூணு ரீடிங்கோட வாங்க. "என் மாமாவுக்கு சாமையில குணமாயிடுச்சு"ன்னு வர்றவங்க மாமாவோட ஹெச்பிஏ1சி ரிப்போர்ட்டோட வாங்க.

22/
நேத்து ராத்திரி அவர்கிட்டேயிருந்து வாட்ஸப். ரெண்டு போட்டோ. ஒண்ணு தட்டு: ஓரமா ஒரு கரண்டி சாமை, மிச்சமெல்லாம் கீரையும் மீனும். இன்னொண்ணு மீட்டர்: 168. இன்னும் இறங்கணும், ஆனா 347-லேர்ந்து வந்திருக்கார், மாத்திரையோட.

கீழே எழுதியிருந்தார்: "டாக்டர், ஒரு மூட்டை அப்படியே இருக்கு. உங்களுக்கு வேணுமா?"

பாதி மூட்டை போதும்னு சொல்லியிருக்கேன்.